முகத்தில் வயது தெரிகிறதா? சிகிச்சைக்கு முன் தோலைப் படியுங்கள்

ஒரே முகத்துக்கு இரண்டு வயது இருக்க முடியுமா? முடியும் என்று 2012ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு படம் காட்டியது. ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்ற மருத்துவ இதழில் அது அச்சானது. படத்தில் இருந்தவர் அமெரிக்காவில் 28 ஆண்டுகள் சரக்கு லாரி ஓட்டியவர். அப்போது அவருக்கு வயது 69. முகத்தின் வலப் பக்கம் அந்த வயதுக்கு ஏற்றபடி இருந்தது. இடப் பக்கமோ தடித்து, ஆழமாகச் சுருங்கி, பல ஆண்டுகள் மூத்தவரின் முகம்போலத் தெரிந்தது.

காரணம் லாரியின் கண்ணாடி. அமெரிக்காவில் ஓட்டுநர் இடப் பக்கம் அமர்வார். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில் ‘பி’ வகையைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். தோலைச் சுட்டுச் சிவக்க வைப்பது அந்த வகைதான். ‘ஏ’ வகைக் கதிர் பக்கக் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரும். அது சுடாது, வலிக்காது. ஆனால் தோலின் ஆழம்வரை இறங்கும். 28 ஆண்டுகள் அது இடக் கன்னத்தில் விழுந்துகொண்டே இருந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஓட்டுநர் இருக்கை வலப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே எந்தக் கன்னம் கூடுதல் வெயில் வாங்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

இந்தப் படம் உங்களுக்கு எதற்கு? தீபாவளி நெருங்கினால் போதும், கைப்பேசியில் விளம்பரங்கள் குவியும். ‘ஒரு மணி நேரத்தில் பத்து வயது குறையும்’, ‘அறுவை சிகிச்சை வேண்டாம்’, ‘மூன்று முறைக்குச் சிறப்பு விலை’. உங்கள் அம்மாவோ அத்தையோ அவற்றைப் பார்த்துவிட்டு, “எது நல்லது என்று தேடிச் சொல்” என்று உங்களிடமே கேட்கலாம். ஊசி, லேசர், கிரீம் என எல்லாவற்றுக்கும் ‘அறுவையில்லா அழகுச் சிகிச்சை’ என்றே பெயர். ஆனால் அவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒவ்வொன்றும் தோலின் வெவ்வேறு ஆழத்தில் வெவ்வேறு வேலை செய்கிறது. ஆகவே ‘எது நல்லது?’ என்று கேட்பதற்கு முன் ‘எந்த அடுக்கில் என்ன கோளாறு?’ என்று கேட்க வேண்டும்.

மூன்று அடுக்கு வீடு

தோலை மூன்று அடுக்குகளாகப் பிரிக்கலாம். மேலே இருப்பது மேல்தோல். முகத்தில் அது ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு தாளின் தடிமன்தான். இதன் அடியில் புதிய உயிரணுக்கள் பிறந்து மேலே ஏறி, இறந்து உதிர்கின்றன. இளம் வயதில் இந்தச் சுற்றுக்கு ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். வயது ஏற ஏறச் சுற்று மெதுவாகும். தோல் மங்கிச் சொரசொரப்பாகும். நிறம் தரும் மெலனினைச் செய்யும் உயிரணுக்களும் இந்த அடுக்கின் அடியில்தான் இருக்கின்றன.

அதற்குக் கீழே உள்தோல். இங்கே கொலாஜன் என்ற புரத இழைகள் கயிறுகள்போலப் பின்னிக் கிடக்கின்றன. தோலுக்கு உறுதி தருவது கொலாஜன். இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வைப்பது எலாஸ்டின். இருபது வயதைத் தாண்டியபின் கொலாஜன் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு குறைந்துகொண்டே போகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் இந்த இழப்பு வேகமெடுக்கும். புற ஊதா ‘ஏ’ கதிர் இறங்குவதும் இந்த அடுக்குக்குத்தான். அது பட்டதும், கொலாஜனை வெட்டும் நொதிகள் உருவாகின்றன.

மூன்றாவது அடுக்கு கொழுப்பு. இளம் முகம் உருண்டையாக இருப்பது இதனால்தான். வயதாகும்போது கொழுப்புத் திட்டுகள் சில இடங்களில் வற்றுகின்றன. முக எலும்பும் சற்றே தேய்கிறது. கூடாரத்தின் கம்பு குட்டையானால் துணி தொய்வதுபோல, மேலுள்ள தோல் தொங்குகிறது. இவற்றுக்கும் அடியில் முகத் தசைகள் உள்ளன.

இப்போது ஒரு சோதனை. உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேட்டு, அவர்களின் மேல்கையின் உட்புறத் தோலையும் முன்கையின் வெளிப்புறத் தோலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் வயது ஒன்றே. ஆனால் வெயில் படாத உட்புறம் வழுவழுப்பாகவும், வெளிப்புறம் புள்ளிகளோடு வறண்டும் இருக்கும். நாம் ‘வயது’ என்று சொல்வதில் பெரும் பங்கு வெயிலுடையது என்பதை அந்த ஒரே கை காட்டிவிடும்.

ஆக, முகத்தில் வயதைக் காட்டுபவை நான்கு: நிறத் திட்டுகள், கொலாஜன் குறைவால் வரும் நுண்சுருக்கங்கள், தசை அசைவால் விழும் கோடுகள், உள்ளே வற்றியதால் வரும் பள்ளமும் தொய்வும். இந்த நான்கையும் ஒரே மருந்து தீர்க்கும் என்று யாராவது சொன்னால், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கிரீம்: உள்ளே போவது எது?

‘கொலாஜன் குறைகிறது, கொலாஜன் கிரீம் பூசினால் நிரம்பிவிடும்.’ கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேல்தோலின் முதல் வேலையே வெளிப்பொருளை உள்ளே விடாமல் தடுப்பது. அந்த வாயில் மிகக் குறுகியது. மூலக்கூறின் எடையை ‘டால்டன்’ என்ற அலகில் அளப்பார்கள். ஒரு ஹைட்ரஜன் அணு ஏறத்தாழ 1 டால்டன். ஏறத்தாழ 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் நல்ல தோலைத் தாண்டுவது மிகக் கடினம் என்பது மருந்தியலில் ஒரு பொது விதி. வைட்டமின் சி 176 டால்டன். ஒரு கொலாஜன் மூலக்கூறோ ஏறத்தாழ 300,000 டால்டன். அது தோலின் மேலேயே தங்கி, ஈரத்தைப் பிடித்து வைக்கும். கழுவினால் போய்விடும். நல்ல ஈரப்பதப் பூச்சாக அதை ஏற்கலாம்; உள்தோலுக்குப் போய்ச் சேரும் என்று நம்பிக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

உள்ளே போய் வேலை செய்வதாக நன்கு சோதிக்கப்பட்ட பொருள் ஒன்று உண்டு. வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ட்ரெட்டினோயின், எடை 300 டால்டன். முதலில் இது முகப்பரு மருந்தாகத்தான் வந்தது. 1988இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட சோதனை எளிமையானது, அழகானது. 30 பேரின் ஒரு முன்கையில் மருந்து கலந்த கிரீம், மறு முன்கையில் மருந்து கலக்காத அதே கிரீம். எந்தக் கையில் எது என்று பூசியவருக்கும் தெரியாது, பார்த்து மதிப்பிட்டவருக்கும் தெரியாது. 16 வாரங்களுக்குப் பிறகு, மருந்து பூசிய கைகளில் வெயில் சேதம் குறைந்திருந்தது. மறு கைகளில் அந்த முன்னேற்றம் இல்லை. ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடாக இருந்ததுதான் இதன் சிறப்பு.

அதே சோதனையில் பெரும்பாலோருக்குத் தோல் சிவந்து, உரிந்து, எரிந்தது. அதனால்தான் இது மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்தாக இருக்கிறது. கருவுற்ற பெண்கள் இதைத் தவிர்க்க வேண்டும். கடையில் கிடைக்கும் ரெட்டினால் இதே குடும்பத்தின் மென்மையான உறவு. பலன் குறைவு, எரிச்சலும் குறைவு. எதுவானாலும் பலன் தெரிய மாதங்கள் ஆகும். ‘ஏழே நாளில்’ என்ற சொல்லைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள்.

ஊசி: நஞ்சு மருந்தான கதை

1820களில் ஜெர்மனியில் கெட்டுப்போன சாசேஜ் தின்றவர்கள் தசை செயலிழந்து இறந்தார்கள். யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் அதை ஆராய்ந்து எழுதினார். அந்த நஞ்சைச் செய்வது ஒரு பாக்டீரியா என்று பின்னர் தெரிந்தது. சாசேஜுக்கு லத்தீன் மொழியில் ‘போட்டுலஸ்’. அதிலிருந்து ‘போட்டுலினம்’ என்ற பெயர் வந்தது.

தசை சுருங்க, நரம்பின் நுனி அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளியிட வேண்டும். போட்டுலினம் நஞ்சு அந்த வெளியீட்டைத் தடுக்கிறது. கட்டளை வராததால் தசை தளர்ந்து கிடக்கிறது. மிகச் சிறிய அளவில் இதைக் கண் மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டார்கள். 1989இல் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கனடாவின் வான்கூவர் நகரில் கண் மருத்துவர் ஜீன் காரதர்ஸ், இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டவரின் புருவ நடுக்கோடுகள் மறைந்ததைக் கவனித்தார். அவருடைய கணவர் தோல் மருத்துவர். இருவரும் சேர்ந்து 1992இல் தங்கள் கட்டுரையை வெளியிட்டார்கள். 2002இல் புருவ நடுக்கோட்டுக்கு அமெரிக்க அனுமதி வந்தது. ‘போடோக்ஸ்’ என்பது அந்த மருந்தின் ஒரு வணிகப் பெயர்.

இது எதற்கு உதவும் என்பதைக் கண்ணாடி முன் நின்றே அறியலாம். புருவத்தை நெரிக்கும்போது மட்டும் கோடு விழுந்து, விட்டதும் மறைந்தால், அது தசைக் கோடு. அதற்கு இந்த ஊசி வேலை செய்யும். முகம் அசையாமல் இருக்கும்போதும் ஆழமாகத் தெரிந்தால், உள்தோலே மடிந்துவிட்டது. ஊசி மட்டும் போதாது. நிறத் திட்டுக்கு இந்த ஊசியால் பயனே இல்லை. பலன் மூன்று முதல் நான்கு மாதம். அதன்பின் நரம்பு மீண்டும் வேலையைத் தொடங்கிவிடும். ஒருமுறைச் செலவை மட்டும் பார்க்காமல், ஆண்டுக்கு மூன்று நான்கு முறை என்று பெருக்கிப் பார்க்க வேண்டும். இந்த நஞ்சின் மூலக்கூறு ஏறத்தாழ 150,000 டால்டன். ‘போடோக்ஸ் போன்ற கிரீம்’ என்ற விளம்பரத்தை எப்படி மதிப்பிடுவது என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

ஃபில்லர்: பள்ளத்தை நிரப்புவது

வற்றிய கன்னத்தையும் பள்ளத்தையும் நிரப்ப, ஹயலூரானிக் அமிலத்தாலான கூழை ஊசி வழியாக உள்ளே செலுத்துவார்கள். நம் தோலிலும் மூட்டுகளிலும் இயல்பாகவே இருக்கும் பொருள்தான் இது. நீரை நன்றாகப் பிடித்து வைக்கும். உடல் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். வகையைப் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டுவரை நிற்கும்.

ஆபத்து எங்கே? முகத்தின் அடியில் ரத்தக் குழாய்கள் வலைபோல ஓடுகின்றன. மூக்கையும் புருவ நடுவையும் சுற்றியுள்ள குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு இணைந்தவை. கூழ் தவறுதலாக ஒரு குழாய்க்குள் போனால் ரத்தம் அடைபடும். அந்தப் பகுதித் தோல் அழுகலாம். அரிதாக, கண் பார்வையே போய்விடலாம். இந்தக் கூழைக் கரைக்கும் ஹயலூரானிடேஸ் என்ற நொதி உண்டு. ஆனால் அதைச் சில மணி நேரத்துக்குள், அது வேண்டும் என்று உணரத் தெரிந்தவர் போட வேண்டும். ஊசி குத்தப் பழகியவர் பலர் இருக்கலாம். தவறு நடந்தால் மீட்கத் தெரிந்தவர்தான் நமக்கு வேண்டும்.

லேசரும் நம் நிறமும்

உங்கள் வீட்டுக்கு மிகவும் வேண்டிய பகுதி இது. 1983இல் அமெரிக்க மருத்துவர்கள் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பேரிஷும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஒவ்வொரு நிறப்பொருளும் சில அலைநீள ஒளியை மட்டும் அதிகமாக உறிஞ்சும். ஆகவே சரியான அலைநீளத்தை, மிகக் குறுகிய நேரம் பாய்ச்சினால், இலக்கை மட்டும் சுட்டு அண்டையில் உள்ளதைக் காக்கலாம். கரும்புள்ளியில் மெலனின் இருக்கிறது. அதைக் குறிவைத்தால் புள்ளி உடையும்.

வெள்ளைத் தோலில் இந்தக் கணக்கு எளிது. பழுப்புத் தோலில் புள்ளியில் மட்டுமா மெலனின் இருக்கிறது? சுற்றிலும் இருக்கிறது. ஒளியின் ஒரு பங்கை நல்ல தோலே உறிஞ்சிச் சூடேறும். சூடு மிஞ்சினால் புண்ணாகும். புண் ஆறும்போது நம் தோல் கூடுதல் மெலனினைச் செய்யும். கொசுக்கடியோ பருவோ ஆறிய இடம் பல வாரம் கறுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வினைதான் இதுவும். கரும்புள்ளியைப் போக்கச் சென்றவர் பெரிய கரும்படலத்தோடு திரும்ப நேரிடுவது இப்படித்தான். ஆழமாக உரிக்கும் அமிலப் பூச்சுகளிலும் இதே ஆபத்து உண்டு.

1975இல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் மருத்துவர், வெயிலுக்குத் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து வகை பிரித்தார். இன்று ஆறு வகைகள் உள்ளன. நம்மில் பெரும்பாலோர் 4 முதல் 6 வரையிலான வகைகளில் வருவோம். இந்த வகைகளுக்கு மெலனின் குறைவாக உறிஞ்சும் நீண்ட அலைநீளம், எடுத்துக்காட்டாக 1064 நானோமீட்டர், ஒப்பளவில் பாதுகாப்பானது. முதலில் ஒரு சிறிய மறைவான இடத்தில் சோதித்துப் பார்த்து, சில வாரம் காத்திருப்பதும் நல்லது.

இன்னொன்று: கன்னத்தில் பழுப்பாகப் படரும் மங்குக்கு வெயில் மட்டும் காரணமன்று, ஹார்மோனும், கண்ணுக்குத் தெரியும் ஒளியும், சூடும் அதைத் தூண்டும். லேசரின் சூட்டிலேயே அது கூடிவிடக்கூடும். மங்கு உள்ளவர்கள் லேசருக்கு அவசரப்படக் கூடாது.

நம் நிறத்துக்கு ஒரு நன்மையும் உண்டு. மெலனின் புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்வதால், நமக்குச் சுருக்கங்கள் வெள்ளைத் தோலினரைவிடத் தாமதமாகவே வருகின்றன. நமக்கு வயதை முதலில் காட்டுவது நிறத் திட்டுகள்தான். அதனால் வெள்ளை முகத்தை வைத்து எழுதப்பட்ட ஆலோசனையை அப்படியே நம் முகத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

வெளுக்க வைக்கும் கிரீம்

நிறத் திட்டு என்றதும் சிலர் இணையத்தில் வெள்ளையாக்கும் கிரீம் வாங்குவார்கள். மலேசியாவில் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமும் சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையமும் இத்தகைய கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுயினோன், ஸ்டீராய்டு ஆகியவற்றைக் கண்டுபிடித்துப் பெயர்களைப் பலமுறை வெளியிட்டிருக்கின்றன. பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுப்பதால் முகம் விரைவில் வெளுக்கும். தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கும். வாங்குமுன் அந்தப் பட்டியல்களைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த வேலையை வீட்டில் நீங்களே செய்து கொடுக்கலாம்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

உங்கள் வீட்டில் யாராவது சிகிச்சைக்குப் போகத் திட்டமிட்டால், இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

1. என் பிரச்சினை நிறமா, நுண்சுருக்கமா, தசைக் கோடா, பள்ளமா?

2. இந்தச் சிகிச்சை எந்த அடுக்கில் வேலை செய்கிறது? அது என் பிரச்சினை உள்ள அடுக்குதானா?

3. என் நிறமுள்ளவர்களுக்கு இதைச் செய்திருக்கிறீர்களா? கறுத்துப்போனால் என்ன செய்வீர்கள்?

4. பலன் எத்தனை மாதம் நிற்கும்? ஓராண்டுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?

5. செய்பவர் யார்? மலேசியாவில் இத்தகைய ஊசிகளைப் போடுபவர் பதிவுபெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். சுகாதார அமைச்சின் எல்சிபி என்ற அனுமதியும் பெற்றிருக்க வேண்டும். அழகு நிலையத்தில் போடுவது சட்டத்துக்குப் புறம்பானது. சிங்கப்பூரிலும் மருத்துவர்தான் போட வேண்டும். இரு நாட்டு மருத்துவ மன்றங்களின் இணையத்தளங்களிலும் மருத்துவரின் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லாமல், ‘இன்று பணம் கட்டினால்தான் தள்ளுபடி’ என்று அவசரப்படுத்தும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

உங்கள் வயதுக்கு

பதினான்கு, பதினைந்து வயதிலேயே சுருக்க எதிர்ப்புக் கிரீம் பூசும் பழக்கம் சமூக ஊடகங்களால் பரவி வருகிறது. இந்த வயதில் உங்கள் மேல்தோல் விரைவாகப் புதுப்பிக்கிறது; கொலாஜன் நிறைந்திருக்கிறது. ரெட்டினாலும் அமிலமும் உங்களிடம் திருத்துவதற்கு எதுவும் இல்லை. தோலின் தடுப்புச் சுவரை அரித்து எரிச்சலைத்தான் தரும். பருவுக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு. இங்கிலாந்தில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அழகுக்காகப் போடோக்ஸ், ஃபில்லர் போடுவது 2021 முதல் சட்டப்படி குற்றம்.

உங்களுக்கு உண்மையில் பயன்படும் ஒன்று விலை குறைந்தது: சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், நம்பூர் என்ற ஊரில், 55 வயதுக்குக் குறைந்த 903 பேரை ஆராய்ந்தார்கள். ஒரு குழுவினர் தினமும் பூச வேண்டும். மற்றவர்கள் விருப்பம்போல் பூசலாம். அவர்களின் புறங்கைத் தோலைச் சிலிகோனில் அச்செடுத்து, நான்கரை ஆண்டு இடைவெளியில் ஒப்பிட்டார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, தினமும் பூசியவர்களின் தோலில் முதுமை 24 விழுக்காடு குறைவாக இருந்தது. மனிதர்களிடம் இவ்வளவு கவனமாகச் சோதிக்கப்பட்ட முதுமைத் தடுப்பு முறைகள் மிகச் சிலவே.

நாம் வாழ்வது நிலநடுக்கோட்டுக்கு அருகில். நண்பகலில் இங்கே புற ஊதாக் குறியீடு 11ஐத் தொடுவது சாதாரணம். உலக அளவுகோலில் அது ‘மிக மிக அதிகம்’ என்ற உச்சப் படி. எஸ்பிஎஃப் 30 உள்ள, ‘ஏ’ கதிரையும் தடுக்கும் பூச்சு ஒன்று, தொப்பி, நிழல் போதும். திடலில் விளையாடப் போகுமுன் முகத்துக்கும் கழுத்துக்கும் காதுக்கும் பூசிக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுங்கள். வீட்டில் வண்டி ஓட்டுபவர் இருந்தால், அவருடைய வலக் கன்னத்தையும் நினைவுபடுத்துங்கள்.